வெள்ளிக்கிழமைக் கூலியை விழுங்கிய ஷேர் ஃபோல்டர்

தாண்டிக்குடியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் இருப்பது மூட்டை அறையில். ஒரு பக்கம் மிளகு, இன்னொரு பக்கம் காய்ந்த காப்பிக் கொட்டை, நடுவில் ஒரு பழைய மேசை, அதன்மேல் டெஸ்க்டாப். பழனி மலையின் வடகிழக்குப் பருவமழையில் வீட்டுக்குள் ஓரளவு காய்ந்து கிடக்கும் அறை அது ஒன்றுதான். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாக மலையேறி வருகிறவர்கள் வாசலில் காலை வைத்ததும் “நெட் வருமா?” என்றுதான் கேட்பார்கள். வரும். ஆனால் இன்டர்நெட்டுக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை. எல்லாமே வீட்டுக்குள் ஓடும் நெட்வொர்க்கில் நடந்தது.

அந்த டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10. அதில் ‘வீடு’ என்று ஒரே ஒரு ஷேர் ஃபோல்டர், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் திறக்கக்கூடிய ஃபோல்டர். தோட்டத்துக் கணக்கு, அண்ணியின் செலவுக் கணக்கு, கல்யாண வீடியோ எடுக்கும் சின்னவனின் கேமரா ஃபைல்கள், அண்ணன் பிள்ளைகளின் பொம்மைப் படங்கள் என்று சகலமும் அதற்குள்தான். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் வேண்டுமானாலும் எதையும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். 3 வருடத்துக்கு முன்னால் இதை அமைத்துக் கொடுத்தவன் நான். மதுரையில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வீட்டுக்குத்தானே, இது போதும் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் மாதம். காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பறிக்கிற ஆட்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் தோட்டத்தில் எடை போட்டு, பெரியப்பா ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். காப்பிப் பழச் சாறு பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறிய நோட்டு. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, லேப்டாப் வழியாக ஷேரில் உள்ள கணக்கு ஃபைலில் ஒவ்வொரு வரியாக ஏற்றுவார். ஏற்றிய வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக். சனிக்கிழமை மத்தியானம் அந்த ஃபைலைப் பார்த்து அண்ணி வாரக் கூலி கொடுப்பார்.

அந்தச் சனிக்கிழமை, கூலி வாங்க வந்த ஒரு அக்கா பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “நேத்து 47 கிலோ பறிச்சேனே, அது எங்க?” என்றார். ஃபைலில் வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி. அவருக்கு மட்டுமல்ல, 11 பேருக்கும் காலி.

முதல் பழி பெரியப்பா மேல் விழுந்தது. சேவ் பண்ண மறந்திருப்பார், வயசாயிருச்சுல்ல என்று வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி சமாதானமாகப் பேச, அவருக்கு அதுதான் இன்னும் கோபம். எனக்குப் போன் வந்தது: “டேய், சேவ் பண்ணாம நான் என்னைக்காச்சும் எந்திரிச்சிருக்கேனா? நோட்டுல 11 டிக் இருக்குடா.” நோட்டைப் பார்த்து அன்றைக்கே கூலியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இவர் பெயர் கெட்டது கெட்டதுதான். நான் ஞாயிற்றுக்கிழமை மலையேறியதே அதற்காகத்தான்.

என்ன நடந்தது

ஃபைல் கடைசியாக மாறிய நேரம் வெள்ளி இரவு 8:10 என்று காட்டியது. பெரியப்பா 7:35-க்கே லேப்டாப்பை மூடிவிட்டு டிவியில் செய்தி பார்க்கப் போய்விட்டார். அப்படியானால் 8:10-க்குத் தொட்டது யார்?

அண்ணி. அவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் செய்தது தப்பே இல்லை. 6:50-க்கு, ஒருவருக்கு முன்பணம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கப் போனில் அந்த ஃபைலைத் திறந்தார். அடுப்பில் ஏதோ தீய, போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையல் முடிந்து திரும்பி வந்து, திறந்தபடியே இருந்த ஃபைலில் 500 ரூபாய் முன்பணம் ஒன்றைப் போட்டார். ‘மேலே ஏற்றவா?’ என்று போன் கேட்டது. சரி என்று தட்டினார்.

வினை அந்த ‘சரி’யில் இருந்தது. போனில் உள்ள ஃபைல் பார்க்கும் ஆப்கள் பல ஷேரில் இருக்கும் ஃபைலை நேரடியாகத் திறப்பதில்லை. முழு ஃபைலையும் போனுக்குள் பிரதி எடுத்துக்கொண்டு, தொடர்பை விட்டுவிடும். நாம் திருத்துவது அந்தப் பிரதியை. முடித்ததும் பிரதி முழுவதையும் மறுபடி சர்வருக்கு (இங்கே மூட்டை அறை டெஸ்க்டாப்புக்கு) அனுப்பி, அங்கே இருப்பதன் மேல் எழுதிவிடும். நடுவில் அங்கே என்ன மாறியது என்று அது பார்ப்பதில்லை. 6:50-க்கு எடுத்த பிரதியில் வெள்ளிக்கிழமை எடை எப்படி இருக்கும்? போனின் தற்காலிக ஃபோல்டரைத் தோண்டியபோது 6:50 என்ற நேரத்தோடு அந்தப் பிரதி கிடைத்தது. அதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நோட்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒருமுறை புரட்டினார்.

தரவுத்தளப் பாடத்தில் இதற்கு ‘லாஸ்ட் அப்டேட்’ என்று பெயர். இருவர் ஒரே பழைய நிலையைப் படித்து, தனித்தனியே மாற்றி, அடுத்தடுத்து எழுதினால் முதலில் எழுதியவரின் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைல் கெட்டும் போகாது. அதனால்தான் ஆள் மேல் சந்தேகம் வருகிறது.

நான் செய்த தப்பான வைத்தியம்

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி. இத்தனையும் தெரிந்த பிறகும் என் கை முதலில் போனது எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்குத்தான். விண்டோஸில் ஃபோல்டரின் அட்வான்ஸ்டு ஷேரிங் பெட்டியைத் திறந்தால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். சாதாரண விண்டோஸில் அதில் 20 என்று போட்டிருக்கும், அதற்கு மேல் ஏற்ற முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது ஹோம் பதிப்பில் 5, புரொஃபஷனல் பதிப்பில் 10 என்று இருந்தது. விண்டோஸ் 7 வந்தபோதுதான் 20 ஆனது. ஃபைல் சர்வர் வேண்டுமானால் சர்வர் விண்டோஸ் வாங்கு என்பதற்கான வேலி அது, ஃபைலைக் காப்பதற்கான பூட்டு அல்ல. நான் அதைப் பூட்டாக நினைத்து 20-ஐ 1 ஆக்கினேன். ஒருத்தர் இருந்தால் இன்னொருத்தர் நுழைய முடியாது, பிரச்சினை தீர்ந்தது என்று கணக்கு.

அன்று சாயங்காலமே பெரியப்பா, “உள்ளயே விட மாட்டேங்குதுடா” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே எத்தனை தொடர்பு தாங்குமோ அத்தனையும் ஆகிவிட்டது என்று ஒரு செய்தி. வீட்டில் வேறு யாரும் எதையும் திறக்கவில்லை. மூட்டை அறைக்குப் போய், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ், பிறகு ஓப்பன் ஃபைல்ஸ் என்று பார்த்தேன். திறந்திருந்தது ஒரே ஃபைல்: பொம்மைப் படம். பிள்ளைகள் மத்தியானம் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு விளையாடப் போயிருக்கிறார்கள். டிவியை அணைத்திருக்கிறார்கள், அதில் இணைத்திருக்கும் டிவி பெட்டியை அணைக்கவில்லை. அது அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தது.

சும்மா கிடக்கும் தொடர்பை விண்டோஸ் 15 நிமிடத்தில் தானாகவே வெட்டிவிடும், அது இயல்பான அமைப்பு. ஆனால் ஒரு ஃபைல் திறந்திருக்கிறவரை அதைச் சும்மா கிடப்பதாக அது கணக்கில் எடுக்காது. நிறுத்தி வைத்த படம் திறந்த ஃபைல்தான். ஆக, மணிக்கணக்கில் யாருமே பார்க்காத ஒரு பூனையும் எலியும் கூலிக் கணக்கை மறித்துக்கொண்டு நின்றன.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டம் எண்ணுவது மனிதர்களை அல்ல, தொடர்புகளை. ஒரே போனில் ஃபைல் ஆப்பும் வீடியோ ஆப்பும் திறந்தால் இரண்டு தொடர்பு.

சரி, பிள்ளைகளைத் திட்டிவிட்டு டிவி பெட்டியை அணைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதைக் காட்ட ஒரு நகல் ஃபைலை வைத்து, எண்ணிக்கையை 1-லேயே விட்டு, வெள்ளிக்கிழமை நாடகத்தை மறுபடி நடத்திப் பார்த்தேன். அண்ணி போனில் திறந்தார். போன் பிரதி எடுத்தது, தொடர்பை விட்டது. நாற்காலி காலி. பெரியப்பா நுழைந்து நாலு வரி போட்டு, சேவ் பண்ணி, வெளியே வந்தார். நாற்காலி மறுபடி காலி. அண்ணி திருத்தி, சரி என்று தட்டினார். போன் நுழைந்தது, எழுதியது. பெரியப்பாவின் நாலு வரியும் போய்விட்டன.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் உள்ளே இருக்கவே இல்லை. கட்டுப்பாடு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, கூலியும் ஒழுங்காகத் தொலைந்தது. “அப்ப இவ்வளவு நேரம் என்னத்தப் பண்ணுன?” என்று பெரியப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஃபைல் பூட்டு ஏன் தடுக்கவில்லை

பெரியப்பா பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸ். அது ஒரு ஃபைலைத் திறந்ததும் பக்கத்திலேயே மறைவாக ஒரு சின்னப் பூட்டு ஃபைலை வைக்கும். அதில் திறந்தவர் பெயரும் நேரமும் இருக்கும். இன்னொரு கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸால் அதே ஃபைலைத் திறந்தால், இன்னார் திறந்து வைத்திருக்கிறார், படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கும். எக்ஸலுக்கும் இப்படி ஒரு மறைவு ஃபைல் உண்டு. அதற்குக் கீழே, ஃபைலைத் திறக்கும்போதே ‘நான் வைத்திருக்கும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது’ என்று சர்வரிடம் கேட்டு வாங்கும் பூட்டு தனி. அது எந்த மென்பொருளுக்கும் பொது.

இரண்டு பூட்டும் நல்ல பூட்டுகள்தான். ஆனால் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே அவை காவல். அண்ணியின் போன் பிரதி எடுத்த 6:50-லும் பூட்டு இல்லை, திரும்ப எழுதிய 8:10-லும் இல்லை. பெரியப்பா 7:35-க்கே மூடிவிட்டார். வீடு பூட்டியிருந்த நேரத்தில் திருடன் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை, யோசித்துச் செய்தது

அந்த டெஸ்க்டாப்பின் விண்டோஸை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, புது விண்டோஸை அந்தப் பழைய டெஸ்க்டாப் ஏற்காது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, சாம்பா நிறுவினேன். விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி என்ற மொழியை லினக்ஸுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. அகராதிச் சொற்பட்டியலில் எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லைத் தேடித்தான் அந்தப் பெயரைப் பிடித்தார். நம் ஊரில் சாம்பா என்றால் நெல் ஞாபகம் வருகிறது, அது நம் ராசி.

இந்த முறை யார் எத்தனை பேர் என்று ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலையும் யார் எழுத வேண்டும் என்று கேட்டேன். காப்பி குடித்துக்கொண்டே திண்ணையில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. எடையை எழுதுவது பெரியப்பா மட்டும். முன்பணத்தை எழுதுவது அண்ணி மட்டும். இரண்டும் ஒரே ஃபைலில் இருந்ததற்குக் காரணம், முதல் வருடம் யாரோ அப்படி ஆரம்பித்தார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். ‘எடை’ பெரியப்பாவுடையது, ‘முன்பணம்’ அண்ணியுடையது. எடை ஃபைலில் உள்ள கூலிக் கட்டம், முன்பண ஃபைலில் இருந்து தொகையை லிங்க் மூலம் எடுத்துக் கழித்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், பாஸ்வேர்டு. சாம்பாவில் எடை ஷேரை ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) என்று வைத்து, எழுத அனுமதி உள்ளவர்களின் பட்டியலான ரைட் லிஸ்ட்டில் பெரியப்பா பெயரை மட்டும் போட்டேன். முன்பணத்தில் அண்ணி பெயர் மட்டும். அண்ணியின் போன் இனி எடையைப் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், அடுப்படியில் ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் சர்வர் வாங்காது. இங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. எழுதுகிறவர் ஒருவர் என்று ஆன பிறகு எத்தனை பேர் படித்தால் என்ன?

அழிந்த ஃபைலை எடுத்து வைக்கும் குப்பைத்தொட்டி வசதி சாம்பாவில் உண்டு. அதைப் போட்டால் போதுமே என்று சின்னவன் கேட்டான். போதாது. அந்தத் தொட்டி பிடிப்பது அழிப்பதை. மேலே எழுதுவதை அல்ல. வெள்ளிக்கிழமை எதுவும் அழிக்கப்படவில்லை. அதனால் கணக்கு ஃபோல்டரை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறொரு இடத்துக்கு நேரம் போட்டுப் பிரதி எடுக்கும்படி வைத்தேன். சின்ன ஃபைல்கள், இடம் ஒரு பொருட்டே இல்லை. இது மட்டும் முதலிலேயே இருந்திருந்தால், 7 மணிக்கும் 8 மணிக்கும் எடுத்த பிரதிகளை ஒப்பிட்டு, நான் மலையேறாமலேயே விஷயம் முடிந்திருக்கும்.

எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு இடம் இருந்தது: படங்கள் ஷேர். அந்த டெஸ்க்டாப்பில் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி செகண்ட். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்தால் படிக்கும் முள் ஒரே பாதையில் போய்க்கொண்டிருக்கும். மூன்று பேர் மூன்று பெரிய ஃபைலைக் கேட்டால் முள் மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும், படிப்பதைவிட ஓடுவதிலேயே நேரம் போகும். இதற்கு மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் என்ற வரியில் 2 என்று போட்டேன். சாம்பாவில் இது ஒவ்வொரு ஷேருக்கும் தனித்தனி, எதுவும் போடாவிட்டால் 0, அதாவது வரம்பு இல்லை. கணக்குக்கும் படத்துக்கும் தனி ஷேர் என்பதால் பொம்மைப் படம் இனி கூலியை மறிக்காது. சும்மா கிடக்கும் தொடர்பை வெட்டும் டெட்டைம் என்பதையும் 15 நிமிடத்துக்கு வைத்தேன். ஆனால் இதுவும் திறந்த ஃபைல் உள்ள தொடர்பைத் தொடாது என்பதால் நிறுத்தி வைத்த படத்துக்கு மருந்து ஆகாது. அதற்கு மருந்து சுவரில் இருக்கும் ஸ்விட்ச். அதை அணைத்தாலும் எதிர்ப்பக்கம் ஆள் போய்விட்டது என்று சர்வருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

சின்னவனின் குறையை எந்த எண்ணும் தீர்க்கவில்லை. அவன் கேமராவின் 4கே ஃபைல் நொடிக்கு 100 மெகாபிட். எங்கள் ரூட்டரின் கேபிள் துளையும் 100 மெகாபிட்தான், நடைமுறையில் அதற்கும் குறைவு. அவன் ஒருத்தனே ஒரு ஃபைலை ஷேரிலிருந்து நேராக ஓடவிட்டால் பாதை முழுவதும் அடைத்துவிடும். வரம்பை 1 ஆக்கினாலும் அவனுக்குத் தடங்கும். ஃபைலை லேப்டாப்புக்கு இறக்கி அங்கே எடிட் பண்ணு, முடிந்ததும் ஏற்று என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் செய்கிறான்.

பிறகு

மூன்றாவதாக டேப்லெட்டில் படம் பார்க்க முயன்ற அண்ணன் மகள், டேப்லெட் ரிப்பேர் என்று வீடெல்லாம் சொல்லிவிட்டாள். மூட்டை அறையில் எஸ்எம்பி ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் யார், எந்தக் கருவியில், எந்த ஷேரில், எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்று பெயரோடு வருகிறது. எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தவரை இது வந்தும் பிரயோசனம் இருந்திருக்காது. அண்ணிக்கு ஒரு புது எரிச்சல்: போனில் பார்க்கும் எடை சில சமயம் பழையதாக இருக்கிறது, மூடித் திறந்தால்தான் புதியது வருகிறது. அதனால் அடுப்படியிலிருந்து, “மாமா, ஏத்தி முடிச்சாச்சா?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திறக்கிறார்.

பெரியப்பா நோட்டையும் பச்சைப் பேனாவையும் விடவில்லை. போன வாரம் ராத்திரி 7 மணிக்கு அவரிடமிருந்து போன். கரண்ட் போய், பேட்டரி செத்த அவர் லேப்டாப் பாதியில் அணைந்திருக்கிறது. மூட்டை அறை டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பூட்டு ஃபைல் ஷேரிலேயே தங்கிவிட்டது. சின்னவனின் லேப்டாப்பை வாங்கி, பெரியப்பா தன் பாஸ்வேர்டைப் போட்டு எடை ஃபைலைத் திறந்திருக்கிறார். இன்னார் திறந்து வைத்திருக்கிறார் என்று அவருடைய பெயரையே காட்டியிருக்கிறது.

“டேய், நான் திறந்து வச்சிருக்கேனாம்டா. அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?”